அம்மாவின் கட்டைவிரல்

எனக்கு ஒன்பது வயதானபோது எங்கள் வீட்டுக்கு ஒரு பரம எதிரி முளைத்தது. அம்மாவின் ஆபீஸ் வாசலில், விரல் ரேகையைப் பார்த்து வருகை பதிய வைத்த சின்னக் கறுப்புப் பெட்டி அது. அதற்கு முன்னால் வருகைக்குக் கையெழுத்து நோட்டுதான். மயூர் விஹாரிலிருந்து மெட்ரோ பிடித்து ஓடும் அம்மா ஐந்து நிமிஷம் பிந்தினாலும், அதிகாரி சிவப்புக் கோடு போடுமுன், பக்கத்து மேஜை ஆன்ட்டி நோட்டின் மேல் டீ டம்ளரை வைத்துவிட்டு அவரிடம் பேச்சுக் கொடுப்பாராம். பெட்டியிடம் அந்தப் பாச்சா பலிக்கவில்லை.

சீக்கிரமே போனாலும் அது அம்மாவின் கட்டைவிரலை ஏற்க மறுத்தது. வைத்தால் சிவப்பு விளக்கு; துடைத்து வைத்தாலும் சிவப்புதான். "பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு ரேகையே போயிடுச்சு மேடம்" என்று பெட்டிக்குப் பொறுப்பானவர் ஹிந்தியில் சொல்லிவிட்டார். மூன்று நாள் விரல் பதியாவிட்டால் அரை நாள் லீவு போய்விடும். சித்தி கல்யாணத்துக்காக அம்மா காய்ச்சலில்கூடத் தொடாமல் வைத்திருந்த லீவு அது. இரண்டே வாரத்தில் ஒரு நாள் கரைந்தபோது அம்மா அழுதே விட்டாள்.

அப்பா அதுவரை காபி டம்ளரைக்கூட அலம்பியவர் இல்லை. அன்று எழுந்து சட்டைக் கையை மடித்தார்.

"இனிமே பாத்திரமெல்லாம் என் பொறுப்பு. உன் விரல் தேறட்டும்."

முதல் நாளே தோசைக்கல்லை இரும்பு நார் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்தார். மறுநாள் ஒரு தோசைகூடக் கல்லைவிட்டு எழும்பவில்லை. நானும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஒரு மாதம் கழித்து, பள்ளி விடுமுறையில் அம்மா என்னை ஆபீஸுக்கு அழைத்துப்போனாள். பெட்டியில் விரலை வைத்தாள். முதல் தடவையே பச்சை! நான் கைதட்டினேன். அம்மா அவசரமாக என் வாயைப் பொத்தினாள்.

"அப்பாகிட்ட மூச்சு விடாதடீ. விரல் இன்னும் பதியலை, பழையபடி நோட்டுலதான் கையெழுத்துன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"அச்சா" என்று தலையாட்டியதற்குக் கேன்டீனில் இரண்டு சமோசா கிடைத்தது.

சித்தி கல்யாணத்துக்கு எல்லோரும் போய் ஆட்டம்போட்டுவிட்டு வந்தோம். திரும்பிய அன்று மாலை அப்பா குக்கரைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"ஏம்மா, நீதான் ஆபீஸுக்குப் போனியே. அம்மா விரலை அந்த மெஷின் எடுத்துதா?"

"இல்லப்பா, ரெட் லைட்தான் வந்துது."

"அடப்பாவமே" என்று சிரித்துக்கொண்டே அவர் அடுத்த பாத்திரத்தை எடுத்தார்.

பெட்டியில் பதியும் நேரமெல்லாம் அன்றன்றே இணையத்தில் வந்துவிடும், யார் பெயரையும் எவரும் பார்க்கலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது. அப்பாவின் ஆபீஸிலும் அதே பெட்டிதான். தினமும் இருக்கையில் உட்கார்ந்ததும் அவர் முதலில் அம்மாவின் பெயரைத்தான் தேடிப் பார்ப்பாராம். பல வருஷம் கழித்து அவரே சொன்னார். அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்? இவ்வளவு சுலபமாக ஏமாறுகிறாரே என்று நினைத்து, அவர்மேல் பரிதாபப்பட்டுக்கொண்டு நின்றேன்.