பிரேக்கைப் பற்றி நான் சொல்லாமல் இருந்த பத்து நாள்

எண்பதுகளின் தொடக்கம். மட்டாஞ்சேரியில் கூட்டுக் குடும்பமாக இருந்தோம். வீட்டிலேயே அப்பளம் போட்டு எர்ணாகுளத்துக் கடைகளுக்குக் கொடுத்துவந்தோம். சரக்கு கொண்டுபோக மாமனார் ஒரு பழைய பிக்கப் வண்டி வைத்திருந்தார்.

திடீரென்று டிரைவர் வேலையை விட்டுவிட்டார். வேறு ஆள் கிடைக்காமல் மாமனார் தவித்தபோது, கொழுந்தனின் மனைவி, கல்யாணமாகி நாலே மாதம் ஆனவள், "நான் ஓட்டறேன் மாமா. எங்கப்பா எஸ்டேட்ல ஜீப் ஓட்டியிருக்கேன், லைசென்ஸும் இருக்கு" என்றாள். மறுநாளே சாவி அவள் கைக்குப் போனது. அவள் ஓட்டுவதை பஜாரே வேடிக்கை பார்த்தது. கடைக்காரர்கள் கூப்பிட்டுச் சாயா கொடுத்தார்கள். மாமனார் வருகிறவர்களிடமெல்லாம் அவளைப் பற்றித்தான் பேசினார்.

நான் ஏழு வருடமாக விடிவதற்கு முன்பே எழுந்து உளுந்து மாவு இடித்துக்கொண்டிருந்தவள். என்னைப் பற்றி அவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் என்னிடம் பிரியமாகத்தான் இருந்தாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டாலே வயிறு எரியும்.

என் அப்பா பாலக்காட்டில் பிரேக் மெக்கானிக். அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே வளர்ந்தவள் நான். புகுந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒருநாள் அவள் பிரேக்கை இரண்டு தரம் மிதித்துத்தான் வண்டியை நிறுத்துகிறாள் என்று கவனித்தேன். பின்சக்கர டிரம்முக்குள் பிரேக் கட்டைகள் தேய்ந்து தள்ளி நிற்கின்றன என்று உடனே புரிந்துவிட்டது. அவள் ஒர்க்‌ஷாப்பில் காட்டினாள். அங்கே ஹேண்ட்பிரேக் கேபிளை மட்டும் இழுத்துக் கட்டி அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் நன்றாக இருப்பதுபோல் தெரியும், பெடல் மறுபடி இறங்கிவிடும் என்று எனக்குத் தெரியும். வண்டி எங்கேயாவது மக்கர் பண்ணி அவள் நாலு பேர் முன்னால் அசடு வழியட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். பத்து நாள்.

பதினோராம் நாள் தேவராவில் ஒரு கல்யாண வீட்டுக்குச் சரக்கு. துணைக்கு என்னையும் அனுப்பினார் மாமனார். தோப்பும்படி பாலத்திலிருந்து இறங்கும்போது, முன்னால் ஒருவர் தள்ளிக்கொண்டு போன மீன்வண்டி குழியில் சிக்கி நின்றது. அவள் பிரேக்கை மிதித்தாள். பெடல் அப்படியே அடிவரைக்கும் போய்விட்டது. வெளிறிப்போய் என்னைப் பார்த்தாள்.

"காலை எடுத்துட்டு மறுபடி மிதி! மறுபடி!" என்று கத்தினேன்.

அந்த மனிதருக்கு ஒரு சாண் தள்ளி வண்டி நின்றது. அவர் திரும்பி, "எந்தா சேச்சி, என்னைக் கொல்லான் நோக்குன்னோ?" என்று மலையாளத்தில் கேட்டார். கொல்லப் பார்க்கிறாயா என்ற அந்தக் கேள்வி, என்னைத்தான் கேட்டதுபோல் இருந்தது.

வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். முன்சக்கரத்துக்குக் கல் வைத்து, பின்பக்கம் ஜாக்கி ஏற்றி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடியில் படுத்தேன். முதலில் ஹேண்ட்பிரேக் கேபிளைத் தளர்த்தினேன். அது இறுக்கமாக இருந்தால் கட்டைகளின் இடைவெளி சரியாக வராது. பிறகு டிரம்முக்குப் பின்னால் இருக்கும் சிறிய துவாரத்தில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு, உள்ளே இருக்கும் பல்சக்கரத்தை, சக்கரம் சுற்றாமல் பிடிக்கும்வரை ஒவ்வொரு பல்லாகத் திருப்பினேன். அப்புறம், லேசாக உரசிக்கொண்டு சுற்றும் அளவுக்குச் சில பல் பின்னால் விட்டேன். மறுபக்கமும் அப்படியே. இப்போது முதல் மிதியிலேயே பெடல் பிடித்தது.

"எத்தனை நாளா தெரியும்க்கா?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல வரவில்லை. "பத்து நாளா."

"என்மேல அவ்வளவு வெறுப்பா?"

கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே நின்றேன். கல்யாண வீட்டில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பினோம்.

வீட்டுக்கு வந்ததும் மாமனாரிடம், "அக்கா இல்லன்னா இன்னிக்கு ஒரு உயிரு போயிருக்கும் மாமா. அக்காதான் அடியில படுத்து சரி பண்ணினாங்க" என்றாள். பத்து நாளைப் பற்றி மூச்சுவிடவில்லை. மாமனார் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு என்னைப் புகழ்ந்தார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மறுநாள் அவள் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் கட்டிக்கொண்டிருந்த கயிற்றின் மறுமுனையை என்னிடம் நீட்டினாள்.

அன்றோடு என் பொறாமை ஒழிந்தது என்று சொன்னால் பொய். ஆனால் இன்றும் யார் மீதாவது மனம் புகையும்போது, அவர்களிடம் சொல்லியே ஆகவேண்டிய எதையாவது விழுங்கிக்கொண்டிருக்கிறேனா என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.