ஸ்டெலன்போஷில் நான் சொன்ன "நல்லா இருக்கு"

என்ர மூக்கை நம்பித்தான் அந்தப் பயணமே. லண்டனில வைன் இறக்குமதி செய்யிற கொம்பனி ஒண்டின்ர வேர்ஹவுஸில, கடையளில இருந்து திரும்பி வாற போத்தலுகளை மணந்து பார்த்துப் பிரிக்கிறதுதான் அப்ப எனக்கு வேலை. பழுதெண்டால் திறந்த உடன பிடிச்சிடுவன். அதைக் கண்டுதான், வைன் தெரிஞ்செடுத்து வாங்கிற எங்கட பையர் கணேசன் சேர் ஒருநாள் கூப்பிட்டார். படிக்க வந்து லண்டனிலயே தங்கின மலேசியத் தமிழர் அவர்.

"தென்னாப்பிரிக்காவுக்கு என்கூட வாங்க. சரியா செஞ்சா நீங்களும் பையர். இல்லாட்டி பழையபடி வேர்ஹவுஸ்தான்," எண்டார்.

ஹவுன்ஸ்லோவில இருக்கிற எனக்கு ஹீத்ரோ எயார்போட் பக்கத்தில. எண்டாலும் அஞ்சு மணித்தியாலம் முந்தியே போய் நிண்டன். சந்தோசத்தில அவ்வளவு புளுகம்!

பிளேனால இறங்கேக்கையே சேருக்கு மூக்கடைச்சுப் போச்சு. "இனி எல்லாம் ஒங்க மூக்குதாம்மா," எண்டு தும்மினார். பிழைச்சால் வேர்ஹவுஸ்தான் எண்ட பயம் எனக்கு.

ஆனால் வைனுக்குப் பேர்போன ஸ்டெலன்போஷைக் கண்டதும் பயமெல்லாம் பறந்திட்டுது. ஐயோ, அந்த வடிவை என்னெண்டு சொல்லுறது! மலையடி வரைக்கும் திராட்சைக் கொடி. அறுவடைக் காலம், டிராக்டர் டிராக்டரா பழம் போகுது. முதல் ரெண்டு வைனரியிலயும் ருசிச்சன், வெறி ஏறாமல் முறைப்படி வாளியில துப்பினன், கொப்பியில எழுதினன். பெரிய பையர் மாதிரி நடையே மாறிப்போச்சு எனக்கு.

மூண்டாவது, பீட்டர் எண்டொரு வயசான மனுசன்ர சின்ன வைனரி. காலமை தொடக்கம் பழம் நசுக்கிற மெஷினோட நிண்டவர், கையைத் துடைச்சுக்கொண்டு ஓடி வந்தார். ஏற்கெனவே திறந்து வைச்சிருந்த போத்தலில இருந்து ஊத்தித் தந்து, "இதுதான் நான் செய்ததில திறம். லண்டனுக்கு என்ர வைன் ஒருநாளும் போனதில்லை," எண்டு இங்கிலீசில சொன்னார். அவரின்ர மனுசி சுடச்சுடப் பாண் கொண்டுவந்து வைச்சா.

கிளாஸை மூக்கடிக்குக் கொண்டு போனன். ஈரச் சாக்கு மணம்!

எனக்குத் தெரியாததே? போத்தலை அடைக்கிற கார்க் பழுதானால் வாற மணம் அது. அந்த ஒரு போத்தல்தான் கெடும், மற்றதுகள் நல்லாத்தான் இருக்கும். "வேற போத்தல் திறவுங்கோ" எண்டால் முடிஞ்சுது. ஆனால் எங்கட ஆக்களின்ர வளர்ப்புத் தெரியுந்தானே? ஒரு வீட்டில தந்த தேத்தண்ணியில சீனிக்குப் பதிலா உப்பு இருந்தாலும், குடிச்சுப்போட்டு "நல்லா இருக்கு" எண்டுதான் எழும்புவம். நானும் வாய் கூசாமல் "வெரி நைஸ்" எண்டன். மனுசன் பூரிச்சுப் போனார்.

கார் கேற்றைத் தாண்டினதும் சேர் கேட்டார்: "எப்படிம்மா இருந்துச்சு?"

"ஈரச் சாக்கு மணம், சேர். கார்க் பழுது."

அவர் சடாரெண்டு பிரேக் அடிச்சார். "என்னலா இது? ஏன் அங்கயே சொல்லல?"

"மனுசன் பாவம் சேர், அதுதான்..."

"பாவம்னு சொல்லி அவரு வைன வாங்காம போறீங்களா?"

வேர்ஹவுஸ் கண்ணுக்கு முன்னால வந்து நிண்டுது. அதைவிட அந்த மனுசன்ர பூரிச்ச முகம். "திருப்புங்கோ சேர்," எண்டன்.

திரும்பிப்போய், உள்ளதைச் சொன்னன். பீட்டர் அந்தப் போத்தலை மணந்தார். முகம் கறுத்துப் போச்சு. ஏசப்போறார் எண்டு நினைச்சன்.

"காலமை மூண்டு கூட்டம் வாங்க வந்தது. மெஷினை விட்டு ஓடி ஓடி வந்து, மணந்தும் பாராமல் மூண்டுக்கும் இதைத்தான் ஊத்தினன்," எண்டார் மெதுவா. "எல்லாரும் நல்லா இருக்கெண்டு சொல்லிச் சிரிச்சினம். ஒருத்தரும் வாங்கேல்லை. என்ர வைன்தான் சரியில்லையாக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு நிண்டனான்."

புதுப் போத்தல் திறந்தார். கடவுளே! நாவல்பழம், கராம்பு, பிறகு நாக்கில மெல்லிய கயர்ப்பு. துப்ப மனமே வரேல்லை, விழுங்கிப்போட்டன். "சேர், இதுதான்! இதுதான்!" எண்டு கத்தினன். சேர் மணந்துகூடப் பார்க்கேல்லை, அங்கயே ஓடர் எழுதினார்.

அதுக்குப் பிறகு நானும் பையர்தான். இந்த வேலைக்கு வாற பிள்ளையளுக்கு ஒண்டு சொல்லுறன். பிழையைக் கண்டால் வைன் செய்தவைக்கு முகத்துக்கு நேர சொல்லுங்கோ. அவை இன்னொரு போத்தல் திறக்கட்டும்.