மூன்று கிளாஸ் லெமன் மின்ட்

ஒன்பது வயதில் நான் ஒரு முறை மதுக்கடைக்குப் போயிருக்கிறேன். போகச் சொன்னது என் அம்மா. இதை என் கணவர் வீட்டில் இன்றைக்கும் ஒருவரும் நம்புவதில்லை. என் அம்மாவை அவர்கள் பார்த்திருக்கிறார்கள், அதனால்தான்.

அப்போது நாங்கள் ஷார்ஜாவில், முவைலாவில் குடியிருந்தோம். இரண்டு ரூம் வீடு. ஒன்றில் நாங்கள் மூன்று பேர், மற்றதில் மாமா. மாமா அம்மாவின் தம்பி. திருநெல்வேலியில் குடித்துக் குடித்தே பெயர் வாங்கியவர். அத்தை இரண்டு முறை கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்குப் போய், இரண்டாவது தடவை திரும்பி வரவே இல்லை. அப்பா யார் யாரையோ பிடித்து மாமாவுக்கு ஒரு கட்டடக் கம்பெனியில் வேலை வாங்கிக்கொடுத்து இங்கே வரவழைத்தார். ஷார்ஜாவில் மருந்துக்குக்கூட ஒரு மதுக்கடை கிடையாது. அந்த ஒரு காரணத்துக்காகவே அம்மா அதைப் புண்ணிய பூமி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாமாவும் ஐந்து மாதமாகப் புண்ணிய பூமிக்கு ஏற்ற மனிதராகத்தான் இருந்தார். டியூட்டி முடிந்தால் வீடு, வீட்டுக்கு வந்தால் எனக்கு ஹோம்வொர்க். ஆனால் அத்தை அசைகிற மாதிரி இல்லை. "மதினி, உங்க தம்பி பண்ணின சத்தியமெல்லாம் போதும். நீங்க வாயத் தொறந்து 'வா'ன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, பிள்ளையத் தூக்கிட்டு வாரேன்" என்று போனில் சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தை அம்மாவின் வாயில்தான் மாட்டிக்கொண்டிருந்தது. எனக்கோ கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. பாப்பா வந்தால் அவளுக்கென்று என் அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து வைத்து, அதை யாராவது தொட்டால் சண்டைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

இப்படி இருக்கையில்தான் மாமாவின் பெரிய இன்ஜினியர் ஊருக்குக் கிளம்பினார். அயர்லாந்துக்காரர். சைட்டில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த மாமாவை ஆபீசுக்குள் கூட்டிவந்து, ஏசிக்குக் கீழே உட்காரவைத்து, வரைபட வேலை கொடுத்தவர். கடைசியாக எல்லாரும் தன்னோடு ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்று பர் துபாயில் ஒரு ஐரிஷ் பப்புக்குக் கூப்பிட்டிருந்தார். ஷார்ஜா மாதிரி இல்லை, பக்கத்திலிருக்கும் துபாயில் குடிக்கு இடம் உண்டு. போகாமல் இருப்பது நன்றிகெட்ட வேலை. போவது அதைவிட மோசம். மாமா மறைக்கவில்லை. "அக்கா, அது பப்பு" என்று அவரே வந்து நின்றார். மதியத்தில் குடும்பத்தோடு வரலாம், சாயங்காலத்துக்கு மேல்தான் பிள்ளைகளை விடமாட்டார்கள் என்பதையும் சொன்னார்.

அம்மா களைந்த அரிசியை உலையில் போட்டாள். பிறகு, "பிள்ளையக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

எங்கள் ஊர்ப் பக்கம் இது தெரிந்த ஏற்பாடுதான். சந்தைக்கோ கல்யாணத்துக்கோ போகிற புருஷன் வழியில் எங்கேயாவது ஒதுங்கிவிடுவான் என்று தோன்றினால், கூடவே ஒரு பிள்ளையைப் பிடித்து அனுப்பிவிடுவார்கள். வெளிநாடு வந்தும் அம்மா அந்த வித்தையை மறக்கவில்லை. அப்பா மட்டும், "உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று கேட்டார். அம்மா என் சடையை இறுக்கிப் பின்னியபடி, "ஏட்டி, மாமா என்ன குடிக்காம்னு பாத்துட்டே இருக்கணும். கண்ண அங்க இங்க எடுக்கப்புடாது. வந்து எங்கிட்ட சொல்லணும், என்ன?" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு பெரிய பொறுப்பை யாரும் அதுவரை என்னிடம் ஒப்படைத்ததில்லை.

பஸ் பிடித்துப் போனோம். வெளியே கண் கூசும் வெயில், உள்ளே விளக்கு வைத்த நேரம் மாதிரி மங்கலாக இருந்தது. சுவர், மேசை, நாற்காலி எல்லாம் கறுத்த மரம். சுவரில் ஒரு பழைய சைக்கிளை மாட்டிவைத்திருந்தார்கள். சைக்கிளை ஏன் மாட்டிவைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டிவியில் ஃபுட்பால் ஓடியது. ஒரு பிலிப்பினோ அக்கா வந்து எனக்குப் படம் போட்ட தாளும் நாலு கலர் பென்சிலும் கொடுத்து, கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். மதுக்கடை என்றால் அடிதடி இருக்கும் என்று எதிர்பார்த்து வந்த எனக்கு இதில் சிறு ஏமாற்றம்தான்.

சாப்பாடு வந்ததும் ஏமாற்றம் போய்விட்டது. ஆஹா, அந்தச் சாப்பாடு! கொத்துக்கறியை அடியில் போட்டு, மேலே உருளைக்கிழங்கு மசியலை மெழுகி, சிவக்கச் சுட்டுக் கொண்டுவந்தார்கள். மாவில் தோய்த்துப் பொரித்த மீன், பக்கத்தில் மறுபடியும் உருளைக்கிழங்கு. பெரிய இன்ஜினியரே எழுந்து வந்து என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்து, "இது எங்க அம்மா கை மாதிரி இல்லை, பரவாயில்லை, சாப்பிடு" என்று ஆங்கிலத்தில் சொன்னார். மாமா மிளகாய் சாஸ் கேட்டு வாங்கி, எனக்கும் ஊற்றினார்.

இவ்வளவுக்கும் நடுவில் நான் கடமை தவறவில்லை. மாமாவுக்கு முன்னால் எந்தக் கிளாஸ் வந்தாலும் "மாமா, ஒரு வாய்" என்று வாங்கிக் குடித்துப் பார்த்தேன். முதலில் வந்தது லெமன் மின்ட். பச்சையாக, ஐஸ் போட்டு, நன்றாக இருந்தது. இரண்டாவதும் அதேதான். சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று அதில் பாதியைக் குடித்தேன். மூன்றாவதில் முக்கால்வாசி நான்தான். மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாழ்ப்பாணத்து அங்கிள், அவரும் மாமாவோடு படம் வரைகிறவர், "பிள்ளைக்குச் சரியான தாகம் போல" என்று சிரித்தார். மாமாவுக்குத் தெரியும் அது தாகம் இல்லை என்று. ஒவ்வொரு தடவையும் கிளாஸை அவராகவே என் பக்கம் நகர்த்தினார்.

அப்புறம் பெரிய இன்ஜினியர் எழுந்து பேசினார். ஒரு தளத்தின் வரைபடத்தில் எல்லாரும் கோட்டைவிட்ட தப்பை மாமா கண்டுபிடித்ததைச் சொன்னார். எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அவரை யாராவது புகழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதே நேரம் அந்த பிலிப்பினோ அக்கா ஒரு தட்டு நிறைய உயரமான கிளாஸ்களைக் கொண்டுவந்து ஆளுக்கு ஒன்றாக வைத்தாள். கறுப்பாக இருந்தது, மேலே வெள்ளையாக நுரை. அயர்லாந்துக்காரர்களின் பீராம். மாமாவுக்கு முன்னாலும் ஒன்று. மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்தா எனக்கு முட்டிக்கொண்டு வர வேண்டும்! மூன்று லெமன் மின்ட் சும்மா விடுமா? காலைப் பின்னிக்கொண்டு பார்த்தேன், நாற்காலியின் நுனிக்கு வந்து பார்த்தேன், முடியவில்லை. அந்த அக்காதான் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். உள்ளே இருக்கும்போதே வெளியில் ஒரு பெரிய ஆரவாரம் கேட்டது.

திரும்பி வந்தால், மாமாவின் கிளாஸ் காலி. உள்பக்கம் முழுக்க நுரை வழிந்திருந்தது. மாமா டிஷ்யூவால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் மாமா சொல்லிவிடுவாரே என்று பயமாக இருந்தது. ஐஸ்கிரீம் வைத்த ஆப்பிள் பை வந்தது, எனக்கு இறங்கவில்லை. ஐந்து மாதம் ஒழுங்காக இருந்த மனிதர், நான் ஐந்து நிமிடம் எழுந்து போனதால் கெட்டுப்போனார் என்று எனக்கு அழுகை முட்டியது. தப்பு முழுவதும் என்னுடையது. திரும்பி வரும் பஸ்ஸில் மாமா வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டே வந்தார். அது போதையில் வரும் பாட்டுத்தான் என்று தீர்மானித்தேன். பாப்பாவுக்காக வைத்திருந்த தட்டை நினைத்தேன். வீடு வருவதற்குள் ஒரு முடிவுக்கும் வந்துவிட்டேன்.

அம்மா கதவைத் திறந்ததும் மோந்து பார்த்தாள். பிரயோசனம் இல்லை. பப்பு வாடை என் கவுனில்கூட ஏறியிருந்தது. மாமா குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்து, "என்ன குடிச்சாம்?" என்றாள்.

"லெமன் மின்ட். மூணு. வேற ஒண்ணுமே இல்லம்மா. கறுப்பா ஒண்ணு வெச்சாங்க, மாமா அதைத் தொடவே இல்ல. நான் பாத்துட்டே இருந்தேன். பாத்ரூமுக்குக்கூடப் போகல."

கடைசி வாக்கியம் பொய்யை இன்னும் பலப்படுத்தும் என்று நினைத்துச் சேர்த்தது. மாமா ஒரு ஷூவைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து, என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார். பெரிய ஆள் ஒருவர் அப்படித் தேம்பி நான் பார்த்ததில்லை. மாட்டிக்கொள்வோம் என்ற பயம் போனதால்தான் அழுகிறார் என்று புரிந்துகொண்டு, அவர் காதில் மட்டும் கேட்கும்படி, "யார்ட்டயும் சொல்ல மாட்டேன் மாமா" என்றேன். அவருக்கு அழுகை இன்னும் கூடியது.

"ஏல, எதுக்குல அழுத? பிள்ள நல்லதத்தான சொல்லுதா" என்று அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே அத்தைக்குப் போன் போட்டு அந்த வார்த்தையைச் சொன்னாள். இரண்டு மாதத்தில் அத்தையும் பாப்பாவும் வந்து இறங்கினார்கள். அம்மாவிடம் சொன்ன பொய்யால் ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்த பெருமையோடு நான் வளர்ந்தேன்.

என் கல்யாணத்துக்கு யாழ்ப்பாணத்து அங்கிள் வந்திருந்தார். வாழ்த்துச் சொல்லிவிட்டு அவராகவே பழைய கதையை எடுத்தார். "உங்கட மாமா அண்டைக்குத் தன்ர கிளாஸை மெதுவா என்ர பக்கம் தள்ளிவிட்டவர். பெரிய இன்ஜினியர் கண்டா மனம் நோவார் எண்டு நான் அதையும் குடிச்சுப்போட்டு, வெறும் கிளாஸை அவருக்கு முன்னால வச்சனான். நீங்கள் பாத்ரூமுக்குப் போன நேரம்."

மாமாவைத் தேடிப் போனேன். பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து ஓரமாக இழுத்துவந்து, "குடிக்கலன்னு அன்னைக்கே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா மாமா?" என்று கேட்டேன். எந்த அன்றைக்கு என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை.

"குடிக்கலன்னு உங்க அத்தைட்ட எத்தன சத்தியம் பண்ணியிருக்கேன் தெரியுமா, மருமவளே? அம்புட்டும் குடிச்சிட்டுப் பண்ணினது. முன்னால கொண்டாந்து வெச்சும் தொடாதது அன்னைக்குத்தான். அத எப்படிச் சொல்லுததுன்னு எனக்குத் தெரியலட்டி. நான் குடிச்சிட்டேன்னு நெனச்சுக்கிட்டே நீ எனக்காகச் சொல்லிட்ட."

சொல்லிவிட்டு, ரசம் ஆறுகிறது என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.