ரேக்குக்கு ஒரு முறை, கூரைக்கு ஒரு முறை

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்ததால், கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு நடந்தே போனேன். கரும்பு விவசாயி ஒருவர் புதுக் குடோன் கட்டியிருந்தார். அங்கே தீயணைப்புத் தண்ணீர்க் கணக்குப் போடுவது என் வேலை.

“தீப்பிடித்தால் கூரை ஸ்பிரிங்க்ளரும், சரக்கு அடுக்கும் ரேக்குக்குள் இருக்கிற ஸ்பிரிங்க்ளரும் ஒரே நேரத்தில் தண்ணீர் பீய்ச்சும். இரண்டையும் கூட்டித்தான் தொட்டி கட்டணும். தீயணைப்பு வண்டியும் இப்போது வராது” என்றேன்.

“ரொம்ப ஜாஸ்தி சார். வயலுக்கு முறை வச்சித்தான பாய்ச்சுறோம்? மொதல்ல ரேக்குக்கு வுடுவோம், அப்பால கூரைக்கு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “முறை வரும்வரைக்கும் நெருப்பு காத்துக்கொண்டு நிற்குமா?”

“அதுக்கெல்லாம் ஆள் போட்டாச்சி சார்” என்று பம்ப் அறையைத் திறந்து காட்டினார்.

உள்ளே, மோட்டாருக்குப் பக்கத்தில், மடை திருப்புகிறவர் மண்வெட்டியோடு தயாராக நின்றார்.