மாமியாரின் முதுகு

ஹரிநாராயணன் எடுத்த முதல் படம் பதினோரு நிமிஷம் ஓடும். கதாநாயகி அவனுடைய சொந்த மாமியார் அனந்தலக்ஷ்மி. வலியசாலை வீட்டுக் கூடத்தில், டிவியில், முதன்முதலாக அதைப் போட்டுக் காட்டி முடித்ததும் மாமியார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"மாப்ளே, என் மூஞ்சி எங்கே?"

நியாயமான கேள்விதான், யார் இல்லையென்றார்கள்? பதினோரு நிமிஷமும் படத்தில் இருந்தது அந்த அம்மாளின் முதுகு. முதுகு கிழக்கேகோட்டையில் பஸ் ஏறியது. முதுகு கழக்கூட்டத்தில் இறங்கியது. லிஃப்ட் ஓடாத ஃபிளாட்டில் நான்கு மாடி ஏறி, கதைப்படி இரண்டு வருஷமாகப் பேசாத மகளின் கதவுக்கு முன்னால் நின்று மணியடித்தது. கதவு திறந்தது, படம் முடிந்தது.

பாவம், அவனைச் சொல்லியும் குற்றமில்லை. ஒன்பது வருஷமாகக் கழக்கூட்டத்தில், வீடியோ கேம் செய்கிற கம்பெனியில் வேலை. தெரு போடுவான், சுவர் வைப்பான், எந்தக் கதவு திறக்கும், எது திறக்காது என்று முடிவு செய்வான். அவன் செய்கிற கேம்களில் கேமரா எப்போதும் நாயகனின் முதுகுக்குப் பின்னாலேயே போகும். ஒன்பது வருஷம் முதுகையே பார்த்துப் பழகிய மனுஷன் கையில் நிஜக் கேமராவைக் கொடுத்தால் அது எங்கே போகும்? நேரே மாமியாரின் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது.

முன்பக்கத்தைத் தனியாக எடுப்பார்கள் என்று நம்பிக்கொண்டே அவளும் நடந்திருக்கிறாள். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் வேறு. பாலிசி எடுத்தவர்களில் ஒருத்தர் விடாமல் படத்தைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தாள்.

"அய்யே, இதுக்கா நான் ரெண்டு மணிக்கூர் பார்லர்ல ஃபேஷியலுக்கு உக்காந்தேன்? ப்ளவுஸ் தச்ச டெய்லராக்கும் இதுல ஹீரோ!"

பக்கத்து வீட்டு ராஜஸ்ரீ சமாதானம் செய்யப் பார்த்தாள். "மாமி, உங்க மாப்பிள்ளை மரியாதை தெரிஞ்சவர். மாமியாரும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் நிக்கப்படாதுன்னு பின்னாலேயே நின்னுண்டுட்டார்." மாமியார் முறைத்த முறைப்பில் ராஜஸ்ரீ இரண்டடி நகர்ந்து உட்கார்ந்தாள்.

படம் பார்க்க அனூப்பும் வந்திருந்தான். ஆபீஸில் ஹரிக்குப் பக்கத்து சீட், நாஞ்சில் நாட்டுக்காரன், சும்மா இருக்கத் தெரியாதவன். "எடா ஹரி, அன்னைக்கே சொன்னேன் அல்லே? நாம வழி போடுறவங்க. நடக்கிறது கேம் ஆடுறவன். கதை சொல்லணும்னா ஆளைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போகத் தெரியணும். அது நமக்கு வராது, கேட்டோ."

ஹரிக்குச் சுருக்கென்றது. பத்தொன்பது வயதிலிருந்து படம் எடுக்க ஆசை. ஊரில் உள்ள திரைப்படச் சங்கம் ஞாயிற்றுக்கிழமை குறும்படங்கள் போடுகிறது. அதில் இவனுக்கும் ஓர் இடம் கிடைத்திருந்தது. "இதுல கோட்டை விட்டா இனிமே கதைங்கற பேச்சையே எடுக்கமாட்டேன்" என்று மனைவி ஜானவியிடம் சொல்லியிருந்தான். வெறும் பேச்சில்லை, மெய்யாகவே சொன்னான். வெள்ளிக்கிழமை படத்தைக் கொடுக்க வேண்டும். இன்றைக்குச் செவ்வாய்.

ஆனால் கேம் செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புதிய கேமை யாராவது ஆடிப் பார்க்கும்போது, இவர்கள் மூலையில் உட்கார்ந்து, வாயே திறக்காமல், ஆடுகிறவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஹரியும் அன்று படத்தைப் பார்க்கவில்லை, பார்த்தவர்களைப் பார்த்தான். மூன்றாவது நிமிஷத்தில் ராஜஸ்ரீ இடது பக்கம் சாய்ந்தாள். அப்புறம் ஜானவி. ஐந்தாவது நிமிஷத்தில் அனூப் எழுந்துபோய் டிவியின் ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தான்! சுற்றிப் போனால் அந்த அம்மாளின் முகம் தெரிந்துவிடும் என்று நினைத்தானோ என்னவோ.

இது இப்போதுதான் ஹரிக்கு உறைத்தது. "எல்லாரும் சாஞ்சேளே!" என்று துள்ளி எழுந்தான். கூடத்தில் இருந்தவர்கள் இவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தார்கள். "மாமி, ஒரே ஒரு ஷாட். கடைசியில கதவு திறக்கலை. நீங்க திரும்பறேள், அழறேள். பதினோரு நிமிஷமா ஏங்கினவாளுக்கு அப்பத்தான் உங்க மூஞ்சி கிடைக்கும்!"

மாமியார் புதன்கிழமை முழுக்க முறுக்கிக்கொண்டு திரிந்தாள். வியாழக்கிழமை காலையில் மறுபடியும் ஃபேஷியல் செய்துகொண்டு, அதே புடவை, அதே ப்ளவுஸில் கழக்கூட்டத்து ஃபிளாட்டில் வந்து நின்றாள். "ஒரே தடவையாக்கும். உங்க கேம்ல மாதிரி செத்துச் செத்துப் பொழைக்க என்னால முடியாது."

மகளாக நடித்தது ஜானவிதான். கதவுக்குப் பின்னால் நின்றாள்; இந்தத் தடவை திறக்கவே கூடாது. மாமியார் மணியடித்தாள். காத்திருந்தாள். திரும்பினாள். உதடு துடித்தது, கண் கலங்கியது, இதோ கண்ணீர் வரப்போகிறது என்கிற நேரத்தில் பின்னால் தாழ்ப்பாள் 'டக்'கென்றது.

மாமியாருக்கு வாயெல்லாம் பல். அடுத்த நொடியே அந்தச் சிரிப்பை அப்படியே விழுங்கினாள். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினாள். மறுபடியும் முதுகு.

"ஜானு, என்ன பண்ணினே!" என்று கத்தினான் ஹரி.

"அம்மா திரும்பிப் போற சத்தம் கேட்டுது. கை தானாப் போயிடுத்து" என்றாள் ஜானவி.

இன்னொரு தடவை என்று கேட்க வாயெடுத்தான். மாமியார் அதற்குள் கைப்பையை மாட்டிக்கொண்டு இரண்டு மாடி இறங்கிவிட்டாள். அழுகை கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் கிடைத்ததையே ஒட்டி வெள்ளிக்கிழமை கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் நிறைந்துவிட்டது. பாதிப் பேர் மாமியாரின் பாலிசிக்காரர்கள். அவள் முதல் வரிசையில் நட்டநடுவில் உட்கார்ந்தாள். ஹரி வழக்கம்போல் பின்சுவர் ஓரமாக நின்று ஆட்களைப் பார்த்தான். மூன்றாவது நிமிஷத்தில் ஒரு தலை சாய்ந்தது. ஐந்தாவதில் ஒரு வரிசை. எட்டாவது நிமிஷத்தில் ஐயோ, மொத்த அரங்கமும் வளைவில் திரும்புகிற பஸ்ஸில் இருப்பதுபோல ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது! அனூப் பக்கத்துச் சீட்டுக்காரர் மடியிலேயே விழுந்திருந்தான். ஹரிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

மணி அடித்தது. கதவு திறக்கவில்லை. மாமியார் திரும்பினாள். அத்தனை பேரும் ஒரே மூச்சில் நிமிர்ந்தார்கள். தாழ்ப்பாள். அந்தச் சிரிப்பு. அதை அவள் விழுங்கியது. யாரோ விசிலடித்தார்கள், யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஆட்களைப் பார்க்க நின்றவன் அதை மறந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கன்னம் நனைந்திருந்தது. போயும் போயும் அழச் சொல்லிக் கேட்டேனே, நான் எவ்வளவு பெரிய மக்கு என்று சந்தோஷமாகத் தன்னையே திட்டிக்கொண்டான்.

அனூப் கழுத்தைப் பிடித்துக்கொண்டே வந்தான். "எடா, கழுத்து போச்சு. கையைப் பிடிக்காமலே கூட்டிக்கிட்டுப் போயிட்டியே!"

விளக்கைப் போட்டார்கள். கைதட்டல் ஓயவில்லை. முதல் வரிசையில் ஒரு முதுகு எழுந்து நின்றது, அதே ப்ளவுஸ். அரங்கம் சட்டென்று அடங்கியது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

அனந்தலக்ஷ்மி ஒன்றும் அவசரப்படவில்லை. முந்தானையைச் சரிசெய்தாள். தலைப் பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் மெல்லத் திரும்பினாள்.