டேப் போட்ட பெட்டிக்குள் என் பாஸ்போர்ட்

தாய்லாந்தில் வெள்ளம் என்றதும், மலேசியாவில் எங்கள் சுங்கைப் பட்டாணி சபையில் சேர்ந்த அரிசி, பால்மாவு, துணிகளை மிஷனரிகளோடு வேனில் கொண்டுபோனோம். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள், எதற்கும் பயப்படுவேன். பாஸ்போர்ட் தொலைந்துவிடுமோ என்று, ஏறும்போது எடுத்துக்கொள்ளலாமென பால்மாவுப் பெட்டி ஒன்றில் செருகினேன். அப்புறம் மறந்துபோய், எல்லாப் பெட்டியையும் நானே ஒட்டிவிட்டேன்.

எல்லையில் வரிசையில் நிற்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

"என்னால எல்லாரும் திரும்பணுமா பாஸ்டர்?" என்று அழுதேன்.

"அழாதீங்க அக்கா, பிரிச்சுப் பாப்போம்லா," என்றார்.

வேனை ஓரங்கட்டிப் பிரித்தோம். "மூணு சுத்து டேப்பு! திருடனே அழுதுருவான்," என்று கூட வந்த மேரியக்கா சிரித்தார்.

ஐந்தாவது பெட்டியில் பாஸ்போர்ட் கிடைத்தது. ஆனால் நான்காவதில் இருந்த பால்மாவு டின்கள் எல்லாம் தேதி முடிந்தவை. கைக்குழந்தைகளுக்குப் போகவேண்டியவை! அவற்றை ஒதுக்கிவிட்டு, மற்றதைக் கொடுத்துவந்தோம்.

இப்போது பாஸ்போர்ட் என் கழுத்தில் தொங்குகிறது. டின்களின் தேதி பார்க்கும் வேலையையும் சபையில் எனக்கே கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்த்தபிறகுதான் டேப்பைத் தொடுவேன். பயந்த சுபாவத்துக்கு ஏற்ற வேலைதான்.