நீர்க்கட்டி வீராசாமியின் நாற்பது நாள்

சத்தியவேட்டுப் பக்கத்து ஊர்கள் ஆந்திரத்தோடு இணைந்த ஆண்டில், வரதய்யபாளையத்துக்கு அருகே ஓர் ஏரியின் தண்ணீரை வயல்களுக்கு முறை வைத்து விடும் நீர்க்கட்டி வீராசாமிக்கு நினைவு தடுமாறத் தொடங்கிற்று. எந்த மடைக்கு எப்போது முறை என்பது எந்த ஏட்டிலும் இல்லை. அவர் தலைக்குள் மட்டுமே இருந்தது. உண்டதை மறந்து மீண்டும் சோறு கேட்பவரிடம் ஏரியை விடலாமா? ஆடி முதல் நாள் பஞ்சாயத்தில் மடைமுறையைக் கேட்பது, தவறினால் மடை திறக்கும் மண்வெட்டியை வாங்கிக்கொள்வது என்று ஊர்த்தலைவர் நாகையா முடிவு செய்தார்.

மண்வெட்டி போனால் கணவர் மூலையில் முடங்கிவிடுவார் என்று அஞ்சிய ருக்மணி, திருப்பதியிலிருந்து முனிகிருஷ்ணன் என்னும் யோகாசன ஆசிரியரை வரவழைத்தாள். வந்த மகானுக்கு, வீராசாமியின் தொழில் என்னவென்று கேட்கக்கூட ஓய்வில்லை. பேசுவதற்கே பொழுது சரியாயிருந்தது.

“கால் அலைஞ்சா மனசும் அலையும்மா. ஏரிப்பக்கமே அனுப்பாதீங்க. நாப்பது நாளு கண்ண மூடிக்கினு மூச்ச எண்ணட்டும்.”

வீராசாமி கண்ணை மூடினார். மூன்றாம் மூச்சில் குறட்டை விட்டார். அதைச் சமாதி நிலை என்று வியந்த ஆசிரியர், எட்டு இட்லியை விழுங்கிவிட்டு, நாற்பதாம் நாள் வருவதாகச் சொல்லிப் போனார்.

முப்பதாம் நாள் வீராசாமி, “ஏரி எந்தப் பக்கம்மே கீது?” என்றார்.

ஆசிரியர் பேச்சை ருக்மணி மூட்டைகட்டி வைத்தாள். மறுநாள் விடியலில் அவரை வாய்க்கால் கரைக்கு நடத்திச் சென்றாள். பழக்கம் கால்களில் இருந்தது. மடைதோறும் நின்று, குதிகாலை ஈரமண்ணில் ஊன்றி, மூச்சை இழுத்து நிறுத்தி, வயலின் பெயரைச் சொல்லிக்கொண்டே விடுவார். முதல் நாள் பதினொரு மடையில் இரண்டு; ஒரு வாரத்தில் ஒன்பது.

நாற்பதாம் நாளான ஆடி முதல் நாள் வேப்பமரத்தடியில் உட்காரவைத்து நாகையா கேட்டார்: “அஞ்சாம் மடைக்கு அப்பால யாரு முறை, சொல்லுண்ணா.”

வீராசாமி மரத்தைச் சுற்றிலும் மடையைத் தேடினார். அந்த வேலைக்குக் காத்திருந்த நாகையாவின் மைத்துனர் மண்வெட்டியை நோக்கிக் கையை நீட்டியேவிட்டார்.

“உக்கார வச்சிக் கேட்டா இன்னாத்த சொல்லுவாரு? மடை என்ன மரத்தடியிலயா கீது? நடக்க வச்சிக் கேளு, தம்பி!” என்றாள் ருக்மணி.

நடந்தார்கள். பதினொரு மடைக்கும் விடை வந்தது. அந்தந்த வயல்காரர் தலையசைத்தார். ஒன்பதாவதில் மட்டும் இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

“அண்ணி கூட நடந்தா, இந்த வருசம் அவருகிட்டயே இருக்கட்டும்,” என்றார் நாகையா.

வீட்டுக்கு வந்ததும் வீராசாமி, “நான் துன்னுட்டனா?” என்று கேட்டார். “இல்ல, வா,” என்று ருக்மணி இலை போட்டாள்.

அந்த நேரம் பார்த்து, ஊரில் செய்தி கேட்டு, புகழை வாங்கிக்கொள்ள முனிகிருஷ்ணன் வந்து நின்றார்.

“பாத்தீங்களாம்மா? எல்லாம் கண்ண மூடினதோட பலன்!”

ருக்மணி இட்லிப் பானையை உள்ளே தள்ளிவைத்தாள்.

“பெரிய பலன்தான் சாமி. நீங்களும் கண்ண மூடிக்கினே திருப்பதிக்குப் போங்க. வழி தானா தெரியும்.”